வாசம், ஆரோக்கியம், வளரும் விதம்: வீட்டுத் தோட்டத்துக்கு எந்த ரோஜா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நர்சரிக்குப் போனால் பூத்திருக்கும் செடியைத்தான் கடைக்காரர் முன்னால் எடுத்து வைப்பார். நாமும் பூவின் நிறத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து நமக்கு முக்கியமாகப் படுவது வேறு மூன்று விஷயங்கள்: பூவில் வாசம் இருக்கிறதா, செடி இலை கொட்டாமல் நிற்கிறதா, வைத்த இடத்துக்கு அடங்கி வளர்கிறதா. இந்த மூன்றையும் வைத்து ரகங்களை ஒப்பிட்டுக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். தமிழ்நாட்டுச் சமவெளியில் வீட்டில் செடி வளர்ப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அதையும் ஆங்காங்கே சொல்கிறேன்.

மூன்றில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

ஆரோக்கியத்தை. வாசத்துக்கு ஆசைப்பட்டு வாங்கிய செடி ஐப்பசி மழையில் இலையெல்லாம் கொட்டிவிட்டுக் குச்சியாக நின்றால், பூவே வராது. அப்புறம் வாசம் எங்கிருந்து வரும்?

அதற்காக வாசனை ரோஜா என்றாலே நோஞ்சான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அப்படி ஒரு பேச்சு ரொம்ப நாளாக இருக்கிறது, ஆனால் நம் ஊர் பன்னீர் ரோஜாவே அதற்கு மறுப்பு. வாசமும் பலமும் ஒரே செடியில் இருக்கலாம். கூடவே கூரான மொட்டு, நீளமான காம்பு, ஒரு வாரம் வாடாத இதழ், பளிச்சென்ற மஞ்சள் என்று எல்லாவற்றையும் கேட்கும்போதுதான் சிக்கல். எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்பதைத் தீர்மானித்துவிட்டு நர்சரிக்குப் போங்கள். பாதி ஏமாற்றம் அங்கேயே தவிர்ந்துவிடும்.

பன்னீர் ரோஜா, எட்வர்ட் ரோஜா, ஆந்திரா ரெட் இவையெல்லாம் ஒன்றா?

இல்லை. பன்னீர் ரோஜா என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட இளஞ்சிவப்பு வாசனை ரோஜாக்கள் விற்கப்படுகின்றன. எட்வர்ட் ரோஜாவும் சில இடங்களில் அந்தப் பெயரிலேயே கிடைக்கும். ஆந்திரா ரெட் தனி. அது மாலை கட்டுவதற்கான சிவப்பு உதிரிப்பூ. பூத்துத் தள்ளும், ஆனால் வாசம் பன்னீர் ரோஜா அளவுக்கு வராது.

எட்வர்ட் ரோஜாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவுக்கு முன்பு பூர்போன் என்று பெயர். அங்கே சீன ரோஜாவையும் பன்னீர் வாசம் கொண்ட டமாஸ்க் ரோஜாவையும் வேலிக்காக அடுத்தடுத்து நடுவார்கள். இரண்டும் தாமாகவே கலந்து பிறந்த செடி இது. 1817 வாக்கில் பிரேயோன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரின் கண்ணில் பட்டது. 1819-இல் இதன் விதைகள் பாரிசுக்குப் போய், அங்கிருந்து பூர்போன் ரோஜா என்ற ஒரு பெரிய வம்சமே கிளம்பியது. டமாஸ்க் பக்கத்திலிருந்து வாசம் வந்தது, சீன ரோஜா பக்கத்திலிருந்து வெப்பத்தைத் தாங்கி மறுபடி மறுபடி பூக்கும் குணம் வந்தது. நம் ஊர் வெயிலில் இது பிழைத்துக் கிடப்பதற்குக் காரணம் இந்தப் பிறப்புதான்.

இன்னொரு நல்ல குணம், குச்சி நட்டாலே வேர் பிடித்துவிடும். ஒட்டுக்கட்ட வேண்டியதில்லை. செடி மேலே பட்டுப்போனாலும் அடியிலிருந்து வரும் தளிர் அதே ரோஜாவாகத்தான் இருக்கும். இந்தியாவில் ஒட்டுக்கட்டுவதற்கு அடிச்செடியாகவும் (வேரைத் தரும் செடியாகவும்) எட்வர்டைப் பயன்படுத்துகிறார்கள். அதன் வேரின் பலத்துக்கு அதுவே சான்று.

குறைகளும் உண்டு. முள் அதிகம், காம்பு குட்டை. காலையில் விரிந்த பூ வெயிலேறினால் தளர்ந்துவிடும், மறுநாள் இதழ் உதிரும். ஜாடியில் வைத்து அழகு பார்க்க லாயக்கில்லை. தலையில் வைக்க, சாமிக்குப் போட, குல்கந்து செய்ய இதை மிஞ்ச ஆளில்லை. நிலக்கோட்டைச் சந்தையிலும் மதுரை மாட்டுத்தாவணியிலும் பன்னீர் ரோஜாவைக் கிலோக் கணக்கில் உதிரியாக விற்பது இதனால்தான்.

ஒட்டு ரோஜாக்களில் வாசத்துக்குப் பேர்போனவை எவை? அவற்றில் எது நம் ஊருக்குச் சரிப்படும்?

ஒட்டு ரோஜா என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பெரும்பாலானவை ஹைப்ரிட் டீ வகை. ஒரு காம்பில் ஒரு பெரிய பூ, நிமிர்ந்த வளர்ச்சி. அமெரிக்க ரோஜா சங்கம் வாசனைக்கென்றே கேம்பிள் விருது என்று ஒன்று வைத்திருக்கிறது. 1961-இல் முதல் விருது வாங்கியது கிரிம்சன் குளோரி. பிறகு ஃப்ராக்ரன்ட் கிளவுட் 1970-லும், பாப்பா மெய்லாந்து 1974-லும், டபுள் டிலைட் 1986-லும், மிஸ்டர் லிங்கன் 2003-லும் வாங்கின. இந்தப் பெயர்களில் சிலவற்றை நம் ஊர் நர்சரிச் சீட்டுகளிலும் பார்க்கலாம்.

பாப்பா மெய்லாந்தும் மிஸ்டர் லிங்கனும் கூடப்பிறந்தவை. கிரைஸ்லர் இம்பீரியல், சார்லஸ் மல்லரின் என்ற அதே இரண்டு ரகங்களைக் கலந்து, ஒன்றைப் பிரான்சிலும் மற்றதை அமெரிக்காவிலும் உருவாக்கினார்கள். இரண்டுமே கருஞ்சிவப்பு, இரண்டுக்கும் ஆளைத் தூக்கும் டமாஸ்க் வாசம். ஆனால் பாப்பா மெய்லாந்துக்கு மாவுபோலப் படியும் சாம்பல் நோய் எளிதில் வரும், வளர்ச்சியும் மந்தம். மிஸ்டர் லிங்கன் ஐந்தாறு அடிக்கு ஓங்கி வளரும், காம்பும் உறுதி. மழைக்காலத்தில் இலையைக் கொட்டவைக்கும் கரும்புள்ளி நோய் வரத்தான் செய்யும், ஆனாலும் மீண்டுவிடும். இரண்டில் ஒன்று என்றால் யோசிக்காமல் மிஸ்டர் லிங்கனை எடுங்கள். சுவரோரம் வையுங்கள், முன்வரிசையில் வைத்தால் பின்னால் இருப்பதையெல்லாம் மறைத்துவிடும்.

டபுள் டிலைட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். மொட்டு விரியும்போது பாலாடை நிறம். வெயில் பட்ட இதழின் ஓரம் சிவக்கத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உள்நோக்கிப் பரவும். ஒரே பூவில் வெயில் விழுந்த பக்கம் சிவந்தும் மறுபக்கம் வெளிறியும் இருப்பதைக் காணலாம். சிவப்பை வரவழைப்பது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர். அதனால் நிழல்வலைக்குக் கீழே வளர்த்துவிட்டுப் பூ வெளுப்பாக இருக்கிறது என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை. வாசம் இனிப்போடு கொஞ்சம் மசாலா நெடியும் கலந்தது. மூன்று நான்கு அடிக்குப் படர்ந்த புதராக வளரும். பனிக்காலத்தில் சாம்பல் நோய்தான் இதன் பலவீனம். காற்றோட்டமான மாடியில் வைத்தால் சமாளிக்கலாம்.

ஃப்ராக்ரன்ட் கிளவுட் பவளச் சிவப்பு. வாசம் இந்தக் கூட்டத்திலேயே தூக்கல். கடும் வெயிலில் நிறம் மங்கிவிடும், அதனால் மலைப்பக்கத்தில்தான் அது முழு அழகோடு இருக்கும்.

பூக்கடையில் வாங்கும் ரோஜாவுக்கு ஏன் வாசமே இல்லை?

ஓசூர்ப் பசுமைக்குடில்களிலிருந்து வரும் தாஜ்மஹால் போன்ற ரகங்களை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவை பெட்டியில் அடைத்து விமானத்தில் ஏற்றத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. நீண்ட காம்பு, தடித்த இதழ், ஜாடியில் பல நாள் நிற்கும் ஆயுள் இவற்றைத்தான் பார்த்தார்கள். யாரும் வாசத்தைக் கவனித்துத் தேர்வு செய்யவில்லை, தலைமுறை தலைமுறையாக அது நழுவிப்போனது.

2015-இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வாசமுள்ள பாப்பா மெய்லாந்தையும் வாசமில்லாத ரூஜ் மெய்லாந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த மரபணு ஒன்றில் முழுவீச்சில் வேலை செய்கிறது, மற்றதில் அடங்கியிருக்கிறது என்று தேடினார்கள். கிடைத்தது ஆர்எச்நட்எக்ஸ்1 என்ற நொதி. ரோஜா வாசத்தின் முக்கியப் பொருளான ஜெரனியால் உருவாவதற்கு இதழ்களில் இந்த நொதி வேலை செய்ய வேண்டும். வாசமில்லாத ரகத்தில் அது கிட்டத்தட்ட உறங்குகிறது. எவ்வளவு உரம் போட்டாலும் தாஜ்மஹாலில் பன்னீர் வாசம் வராது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

ஒரே ரோஜா ஒரு நாள் மணக்கிறது, மறுநாள் மணக்கவில்லையே?

செடியைக் குறை சொல்லாதீர்கள். வாசம் என்பது இதழின் மேல்தோல் உயிரணுக்களிலிருந்து ஆவியாகிப் பறக்கும் எண்ணெய்ப் பொருள். வெயில் ஏறுவதற்கு முன், பாதி விரிந்த பூவில்தான் அது நிறைந்திருக்கும். இறுக்கமான மொட்டிலும் வராது, முழுதாக விரிந்து மகரந்தம் தெரியும் பூவிலும் குறைந்துவிடும். சுட்டெரிக்கும் காற்றும் காய்ந்த மண்ணும் இருந்தால் மதியத்துக்குள் பறந்துபோகும். ரகங்களை ஒப்பிடும்போது காலை ஏழு எட்டு மணிக்குப் போய், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூக்குக்குச் சிறிது ஓய்வு கொடுத்துப் பாருங்கள்.

வாசத்திலும் வகை உண்டு. டமாஸ்க் வாசம் நமக்குப் பழகிய பன்னீர் வாசம். டீ ரோஜாக்களின் வாசம் புதிதாகப் பிரித்த தேயிலைப் பொட்டலத்தை நினைவூட்டும். நீலகிரியிலும் பழனி மலையிலும் காட்டில் படரும் ரோசா லெஷனால்டியானா என்ற வெள்ளைக் காட்டு ரோஜா இன்னொரு இனத்தைச் சேர்ந்தது. அந்த இனத்துப் பூக்களின் மணம் பெரும்பாலும் மகரந்தப் பகுதியிலிருந்து கிளம்பிக் காற்றில் தூரமாகப் பரவும்.

மஞ்சள் ரோஜா மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் இலை கொட்டுகிறது?

எல்லா மஞ்சளும் அப்படி இல்லை, ஆனால் புகாரில் உண்மை இருக்கிறது. 1900 வரை ஐரோப்பியத் தோட்டங்களில் அடர்மஞ்சள் நிறத்தில் மறுபடி மறுபடி பூக்கும் பெரிய ரோஜா கிடையாது. லியோன் நகரத்து பெர்னே டுஷே, பாரசீக மஞ்சள் என்ற ரோசா ஃபீட்டிடா ரகத்தைக் கலந்து சொலேய் தோர் என்ற ரகத்தை வெளியிட்டார். இன்றைய மஞ்சள், ஆரஞ்சு, செம்பு நிற ரோஜாக்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை. நிறத்தோடு சேர்ந்து கரும்புள்ளி நோய்க்கு எளிதில் ஆட்படும் குணமும் வந்துவிட்டது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற மழை கொட்டும் கடலோர ஊர்களில் மஞ்சள் ரோஜாவுக்கு ஒரு தொட்டிக்கு மேல் இடம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கரும்புள்ளியும் சாம்பல் நோயும் எப்படி வேறுபடுகின்றன?

கரும்புள்ளி அடி இலையில் தொடங்கும். புள்ளியின் ஓரம் வழவழப்பாக இருக்காது, மை ஊறியதுபோல இழை இழையாகப் பிரியும். அதைச் சுற்றி இலை மஞ்சளாகி உதிரும். இந்தப் பூஞ்சை முளைக்க இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். அதனால்தான் வடகிழக்குப் பருவமழையில் பேயாட்டம் ஆடுகிறது. மாலையில் குழாய் வைத்து இலைமேல் தண்ணீர் அடிக்கும் பழக்கம் இருந்தால் கோடையிலும் வரும்.

சாம்பல் நோய் நேர்மாறு. அதற்கு இலை நனையத் தேவையில்லை. பகலில் வறட்சி, இரவில் குளிர்ந்த ஈரக்காற்று போதும். இளந்தளிர் சுருண்டு லேசாக ஊதா நிறமேறும், மொட்டின் கழுத்தில் மாவு தூவியதுபோல வெண்மை படியும். மார்கழி, தை மாதங்களிலும் மலை ஊர்களிலும் இதன் ஆட்சி. லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் கலந்து தெளித்தால் கட்டுப்படும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகிவிடும், ஜாக்கிரதை. கரும்புள்ளிக்கு மருந்தைவிட உதிர்ந்த இலையைப் பொறுக்கி அப்புறப்படுத்துவதும், காலையில் தூரில் மட்டும் தண்ணீர் விடுவதும் அதிகப் பலன் தரும்.

நோய் அண்டாத ரகம் என்று ஏதாவது இருக்கிறதா?

அண்டவே அண்டாது என்று எதையும் சொல்ல முடியாது. தாக்குப்பிடிப்பவை உண்டு. ஜெர்மனியின் கோர்டெஸ் நிறுவனம் 1958-இல் வெளியிட்ட ஐஸ்பெர்க் வெள்ளை ரோஜாவைத்தான் முதலில் சொல்வேன். கொத்துக்கொத்தாகப் பூக்கும், முள் குறைவு, கவாத்து பண்ணினால் உடனே துளிர்க்கும். மழையில் கொஞ்சம் கரும்புள்ளி வந்தாலும் பூப்பதை நிறுத்தாது. வாசம் மெல்லியது. இளஞ்சிவப்பு குயின் எலிசபெத் 1954-இல் வந்தது. அதற்கு உடம்பு இரும்பு, ஆறடிக்கு மேல் போகும், வாசம் குறைவு. 2000-இல் அமெரிக்காவில் வந்த நாக் அவுட் கரும்புள்ளியை எதிர்ப்பதில் பெரிய பெயர் வாங்கியது. வாசத்தை எதிர்பார்க்காதீர்கள்.

ஜெர்மனியில் பூஞ்சைக்கொல்லியே தெளிக்காமல் மூன்று ஆண்டுகள் சோதித்து ஏடிஆர் முத்திரை கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அது அந்தக் குளிருக்கான சான்று. சென்னைப் புழுக்கத்துக்கு அது அப்படியே பொருந்தாது.

கிளை நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே கீழே வருகிறதே?

நுனிக்கருகல். நம் ஊரில் ஒட்டு ரோஜா சாவதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று. கவாத்து பண்ணிய வெட்டு வழியாகப் பூஞ்சை நுழைகிறது. கறுப்பு முடியும் இடத்திலேயே வெட்டினால் போதாது. இன்னும் இரண்டு விரல்கடை கீழே, குச்சியின் நடுப்பகுதி வெள்ளையாகத் தெரியும்வரை இறங்கி வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவுங்கள். கத்தி மழுங்கியிருந்தால் பட்டை நசுங்கி மறுபடியும் அதே கதை.

எந்த வடிவச் செடியை எங்கே வைப்பது?

இதில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சீட்டில் எழுதியிருக்கும் உயரம் பெரும்பாலும் குளிர்நாட்டு உயரம். அங்கே குளிர்காலத்தில் செடி உறங்கும், இங்கே ஆண்டு முழுவதும் வளரும். அதனால் நீளமாகக் கிளை விடும் குணமுள்ள ரகங்கள் நம்மிடம் இன்னும் நீளும்.

ஹைப்ரிட் டீ செடிகள் நிமிர்ந்து, அடியில் வெறிச்சோடி நிற்கும். அவற்றுக்கு முன்னால் குட்டையாக ஏதாவது வைத்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும். புளோரிபண்டா வகை புதராக அடர்ந்து கொத்தாகப் பூக்கும், வாசலோரத்துக்கு ஏற்றது. கொடி ரோஜாவின் கிளையை நேராக மேலே விட்டால் உச்சியில் மட்டும் பூக்கும். படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு துளிர்த்துப் பூக்கும்.

மாடித்தோட்டத் தொட்டிக்கு?

12 முதல் 14 அங்குலத் தொட்டி, குறைந்தது ஆறு மணி நேர வெயில். குட்டிப் பூ பூக்கும் பட்டன் ரோஸ், ஐஸ்பெர்க், டபுள் டிலைட் மூன்றும் அடங்கி வளரும். பட்டன் ரோஸில் வாசம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பன்னீர் ரோஜாவும் தொட்டியில் வரும், வாகாகக் கவாத்து பண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். கோடையில் சிமென்ட் தளத்தின் சூடு வேரை வேகவைத்துவிடும். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

இங்கிலீஷ் ரோஜாக்கள் நம் வெயிலுக்குத் தாங்குமா?

இங்கிலாந்துக்காரர் டேவிட் ஆஸ்டின் உருவாக்கியவற்றைக் கேட்கிறீர்கள். பழைய ரோஜாக்களின் வாசத்தையும் இதழ் அடுக்கையும், திரும்பத் திரும்பப் பூக்கும் குணத்தோடு சேர்த்தது அவருடைய சாதனை. 1986-இல் வந்த கெர்ட்ரூட் ஜெகில்லின் வாசம் அசாத்தியம். ஆனால் வெப்பமான இடங்களில் அது புதராக அடங்காமல் கொடிபோல நீண்டு, பூவைக் குறைத்துக்கொள்ளும். அவருடைய இன்னொரு ரகமான கிரகாம் தாமஸும் அப்படித்தான். பூ மெல்லிய இதழ் என்பதால் ஏப்ரல், மே வெயிலில் அரை நாளில் சுருங்கும். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் வாசிகளுக்குத் தயங்காமல் சொல்வேன். திருச்சி, வேலூர் வாசிகள் கம்பிவேலியில் கொடியாக ஏற்றிவிட இடமிருந்தால் முயலலாம்.

ஊட்டி ரோஜாப் பூங்காவில் பார்த்த ரகத்தை வீட்டில் வைக்கலாமா?

1995-இல் தொடங்கிய அந்தப் பூங்காவுக்கு 2006-இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு சிறந்த தோட்டத்துக்கான விருது கொடுத்தது. ரகங்களை நேரில் மோந்து ஒப்பிட நம் மாநிலத்தில் அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அது 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே உள்ளங்கை அகலம் விரிந்த பூ, சமவெளிக் கோடையில் பாதி அளவில் வந்து ஒரே நாளில் மலர்ந்துவிடும். பெயரைக் குறித்துக்கொண்டு வாருங்கள். செடியைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் ஊரில் யார் வீட்டிலாவது அது நன்றாக நிற்கிறதா என்று விசாரியுங்கள்.

வெப்பநாட்டுக்கென்றே யாரும் ரோஜா உருவாக்கவில்லையா?

உருவாக்கியிருக்கிறார்கள், அதுவும் நம் கொடைக்கானலில். ஐஏஎஸ் அதிகாரியாக இருந்த விரு வீரராகவன், குளிர்நாட்டு ரோஜாக்களையே திரும்பத் திரும்பக் கலப்பதால் நம் தட்பவெப்பத்துக்குத் தீர்வு வராது என்று கருதினார். நீர் நிற்கும் வெப்பமான இடங்களிலும் வளரும் ரோசா கிளினோஃபில்லாவையும், மணிப்பூர்ப் பக்கத்து ரோசா ஜைஜான்டியாவையும் பெற்றோராக எடுத்துக்கொண்டார். அந்த முயற்சியில் வந்த ரகங்களில் ஒன்றுக்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. இந்த ரகங்கள் சாதாரண நர்சரிகளில் எளிதில் கிடைப்பதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். நீங்கள் கேட்டுக் கேட்டுத்தான் அவை கடைக்கு வர வேண்டும்.

ஏழு இலை வந்தால் காட்டுத்தளிர் என்று வெட்டிவிடலாமா?

கூடாது. நல்ல ரகங்களிலும் ஏழு சிற்றிலை வரும். மண்ணைக் கிளறி, தளிர் எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டுக்கட்டிய முடிச்சுக்குக் கீழே என்றால்தான் அது அடிச்செடியின் தளிர். அதை வெட்டாமல் கிளம்பிய இடத்தோடு பிய்த்தெடுங்கள்.

ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் இருக்கிறது என்றால்?

சமவெளி என்றால் பன்னீர் ரோஜா அல்லது எட்வர்ட். பெரிய பூ வேண்டும், பராமரிக்க நேரமும் இருக்கிறது என்றால் மிஸ்டர் லிங்கன். மலை ஊர் என்றால் ஃப்ராக்ரன்ட் கிளவுட். மழை ஓய்ந்து, தை பிறந்த பிறகு வாங்குங்கள். பூவை விட்டுவிட்டு அடி இலைகளைப் பாருங்கள், அவை பச்சையாக ஒட்டிக்கொண்டிருக்கும் செடியை எடுத்துக்கொள்ளுங்கள்.